நட்டமில்லாத கருவாடு

இராசநாயகத்தாரின் சங்கத்தில் கருவாடு இருந்தது. கணக்கின்படி நான்கு தொன்னுக்குச் சற்று மேல். கிட்டங்கியின்படி ஒரு ஓலைக் கடகம். அந்தக் கடகத்திலும் பாதியைப் பூனை முடித்திருந்தது.

இதைக் கேட்டவுடன் ஆளைக் கள்ளன் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பிழை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக முகாமையாளராக இருந்தும், ஒரு சுண்டுச் சீனியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. மனைவி பராசக்தி பங்கீட்டு அட்டையைப் பிடித்துக்கொண்டு மற்றச் சனத்தோடு வரிசையில் நின்றுதான் சாமான் வாங்கினாள். அவருடைய வருத்தம் வேறு. நட்டம் என்ற சொல்லை அவர் கண்ணில் காட்டக்கூடாது.

நட்டம் வராத சங்கம் உலகத்தில் இல்லை. எலி இருக்கிறது, மழை இருக்கிறது, அந்துப்பூச்சி இருக்கிறது. இவற்றையெல்லாம் நட்டமென்று எழுதுவதற்குச் சட்டத்திலேயே இடமும் இருக்கிறது. ஆனால் இராசநாயகத்தார், சங்கத்தின் இலாப நட்டக் கணக்கைத் தன்னுடைய சாதகக் குறிப்பைப்போல நினைத்தார். அதில் நட்டமென்று ஒரு சொல் விழுந்தால், தன் நெற்றியில் யாரோ கரி பூசியமாதிரி இருந்தது. அவருடைய கையெழுத்தைப் பார்த்தாலே ஆளைப் பிடித்துவிடலாம். மற்றவர்கள் ஒரு வரியில் ஒப்பமிடுகிற இடத்தில் அவருக்கு மூன்று வரி வேண்டும். அவருக்குக் கீழே ஒப்பமிடவேண்டிய தலைவர் தியாகராசா, தாளின் ஓரத்தில் இடம் தேடி நெருக்கிப் போடுவார்.

எண்பத்தைந்தாம் ஆண்டு மாரியில் கிட்டங்கியின் ஓடு உடைந்து மா மூட்டைகள் நனைந்து புளித்துப்போயின. கணக்குப் பகுதியிலிருந்த பாலேஸ்வரி முறைப்படி ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்து வைத்தாள். அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, உதென்ன?"

"நனைஞ்ச மா ஐயா. கழிச்செழுதத்தானே வேணும்."

"கழியும். ஆர் வேண்டாமெண்டது? இந்தச் சொல்லு என்னத்துக்கு?"

"எந்தச் சொல்லு?"

அவர் அதை வாயால் சொல்லவில்லை. விரலை வைத்துக் காட்டினார்.

"நட்டத்தை வேறை என்னெண்டு எழுதுறது ஐயா?"

"யோசியும். படிச்ச பிள்ளைதானே."

பாலேஸ்வரி யோசித்தாள். அவள் சம்பளத்துக்கு வேலை செய்கிற பெண். யோசிக்கச் சொன்னால் யோசிப்பாள், பிறகு வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் யோசித்தது, வருடாவருடம் கணக்காய்வுக்கு வருகிற ஓடிற்றரைப் பற்றி.

கணக்கு இரட்டைப் பதிவு முறையில் எழுதப்படுவதாகப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். இந்தச் சங்கத்தில் அது ஓடிற்றரின் குணத்தைப் பார்த்து எழுதப்பட்டது. முதலில் வந்துகொண்டிருந்தவர் நாகலிங்கம். அவருக்கு எழுத்து அழகாக இருந்தால் போதும். கொம்பும் சுழியும் ஒழுங்காக இருக்கிற பக்கத்தில் களவு இருக்காது என்பது அவருடைய நம்பிக்கை. பாலேஸ்வரிக்கு அங்கே வேலை கிடைத்ததே கூட்டத் தெரிந்ததால் அல்ல, எழுத்து முத்துமுத்தாக இருந்ததால்தான். நாகலிங்கம் அவளுடைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, "ஆகா, ஆகா" என்று சொல்லிச் சொல்லியே ஓய்வுபெற்றுப் போனார்.

அடுத்து வந்தவர் உடுவிலைச் சேர்ந்த நமசிவாயம். அவரிடம் எழுத்தழகு எடுபடாது. மூன்று குறி திருநீறு, தோளில் சால்வை, சைக்கிள் கரியரில் தன் சொந்தத் தராசு. சங்கத்தின் தராசை நம்பமாட்டார். சீனியில் ஒரு கை குறைந்தாலும் கிட்டங்கிக்குப் பொறுப்பான சீவரத்தினத்தைக் குறுக்கு விசாரணை செய்து வியர்க்க வைப்பார். அரிசி மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவுவார். ஆனால் ஆள் சுத்த சைவம். கருவாட்டு அறை கிட்டங்கியின் கடைசியில் இருந்தது. அந்தப் பக்கம் போனதும், வெளியே நிற்கிற முருங்கை மரத்தடியில் நின்றுவிடுவார். சால்வையை மூக்கில் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே கேட்பார்.

"இருக்குத்தானே?"

"இருக்கையா," என்பான் சீவரத்தினம்.

"அப்ப சரி."

பென்சிலால் ஒரு சரி போடுவார். பக்கத்தில் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதுவார். வீட்டுக்குப் போய்த் தலைமுழுகுவார்.

பாலேஸ்வரி கண்டுபிடித்தது இதைத்தான். புளித்த மா காசுக்கு விற்கப்பட்டதாகவும், அந்தக் காசுக்குக் கருவாடு வாங்கியதாகவும் எழுதினாள். மா போனது, கருவாடு வந்தது. நட்டம் எங்கேயும் இல்லை. இராசநாயகத்தார் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உம்மடை எழுத்துக்கு ஒரு களை இருக்குப் பிள்ளை," என்றார்.

அதற்குப் பிறகு சங்கத்தில் கெட்டது, தொலைந்தது, தானமாகப் போனது எல்லாம் கருவாடாகியது. அந்து விழுந்த பருப்புக் கருவாடாகியது. எண்பத்தேழுச் சண்டையில் ஊர்ச்சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சங்க மண்டபத்தில் வந்து கிடந்தபோது, இராசநாயகத்தார் கேட்காமலே கிட்டங்கியைத் திறந்து அரிசி போடச் சொன்னார். அவர் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அதுவும் கருவாடாகியது. தலைவர் தியாகராசா கோவில் திருவிழாவுக்கென்று தூக்கிக்கொண்டுபோன சர்க்கரையும் கருவாடாகி, சைவக் கோவிலின் பொங்கல் கணக்கில் மீன் மச்சம் ஏறியது. ஒரே கருவாடு வருடக்கணக்கில் கிடந்தால் சந்தேகம் வரும் என்று அதை இடைக்கிடை விற்று, திரும்ப வாங்கவும் செய்தார்கள். தாளிலேயே பிடிபட்டு, தாளிலேயே காய்ந்து, தாளிலேயே நல்ல விலைக்குப் போன கருவாடு அது. கருவாட்டுப் பகுதி ஒவ்வொரு வருடமும் இலாபம் காட்டியது.

தொண்ணூற்றிரண்டில் நமசிவாயம் கனடாவிலிருக்கும் மகளிடம் போவதற்காகக் கொழும்புக்குப் போய்விட்டார். இராசநாயகத்தார் ஓய்வுபெறச் சில வாரங்களே இருந்தன. சங்க மண்டபத்தில் அவருடைய படத்தை மாட்டுவதாக நிர்வாகசபை தீர்மானித்திருந்தது. போர் நடந்த வடக்குக்கு அரசு போட்ட பொருளாதாரத் தடையில் ஆணிக்கும் வழியில்லாத காலம் அது. எப்படியோ ஒரு கண்ணாடியும் சட்டமும் தேடிப் படத்தைப் போட்டாயிற்று. படத்துக்குக் கீழே கொழுவுவதற்கு ஒரு பலகையில், 'இவர் காலத்தில் சங்கம் நட்டம் கண்டதில்லை' என்று வெள்ளை எழுத்தில் எழுதியும் ஆயிற்று. எழுதக் கொடுத்த வாசகம் அவருடையதுதான். கடைசிக் கணக்காய்வு அறிக்கை வந்தவுடன் இரண்டையும் மாட்டுவதாக ஏற்பாடு. அறிக்கையில் ஒரு மறு விழுந்தாலும் படமில்லை, பலகையில்லை. வாழ்க்கையில் அவர் கேட்டதெல்லாம் அந்த ஒரு வரிதான்.

புது ஓடிற்றர் யாரென்ற செய்தியைப் பாலேஸ்வரிதான் கொண்டுவந்தாள்.

"கனிசியஸ் எண்டொருத்தராம் ஐயா. குருநகராம்."

சீவரத்தினம் கையிலிருந்த சாவிக்கொத்தை மேசையில் வைத்தான். இராசநாயகத்தார் கதிரையில் சாய்ந்தார்.

"குருநகரே?"

"ஓம் ஐயா."

"வேதக்காரர். மீன்பிடிக்கிற கரையார் பக்கத்து ஆள்," என்றார் இராசநாயகத்தார், வைத்தியர் நோயின் பெயரைச் சொல்வதுபோல. "அப்ப சரி. எல்லாம் முடிஞ்சுது."

"ஏன் ஐயா?" என்றாள் பாலேஸ்வரி.

"ஏனோ? பிள்ளை, நமசிவாயத்தார் சைவம், சீனியைப் பாத்தார். இந்தாள் கருவாட்டுக்குள்ளை பிறந்து வளந்த ஆள். வந்தவுடனை எங்கை போகும் சொல்லும் பாப்பம்? மணத்திலையே கிலோக் கணக்குச் சொல்லிப்போடுவான்."

"மணமே இல்லையே," என்றான் சீவரத்தினம்.

"அதைத்தானே ஐசே நானும் சொல்லுறன்!"

ஒவ்வொரு ஓடிற்றரும் தனக்குத் தெரிந்ததைத்தான் எண்ணுவான் என்பது இராசநாயகத்தாரின் அனுபவ ஞானம். அது முழுப்பிழையுமல்ல. அன்று முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். கருவாடு வேண்டும். நிசக் கருவாடு.

அடுத்த நாள் அவரும் சீவரத்தினமும் ஒரு மாட்டுவண்டியோடு குருநகருக்குப் போய், கருவாட்டு வியாபாரி லூர்த்தம்மாவின் வளவில் நின்றார்கள். லூர்த்தம்மா அகலமான பெண். மரக்குற்றியில் இருந்து சுருட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை.

"எவ்வளவு வேணும் ஐயா?"

"ஒரு நாலு தொன்."

லூர்த்தம்மா சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள். "கடலிலை இறங்க நேவிக்காரன் விடுறானில்லை. அவன்ரை கப்பலையும் சேத்து வெட்டி உப்புப் போட்டுக் காய வைச்சாலும் நாலு தொன் வராது. உள்ளதைத் தாறன். என்ன தருவீங்கள்?"

"காசுதான்."

"காசோ? அதைத் தேத்தண்ணிக்குள்ளை கரைச்சுக் குடிக்கிறதோ? சீனி இருந்தாக் கதையுங்கோ."

"அம்மா, அது சனத்தின்ரை நிவாரணச் சீனி."

"அப்ப நானென்ன மாடோ? நானும் சனந்தானே."

வண்டி திரும்பிப் போனது, சீனியோடு வந்தது. அப்போது சீனி விற்ற விலைக்கு அது சீனியல்ல, தங்கம். லூர்த்தம்மா ஒரு மூட்டைச் சீனிக்கு ஒரு மூட்டைக் கருவாடு என்று பேசி, கடைசியில் ஒரு மூட்டைச் சீனியைக் கூடுதலாக வாங்கிக்கொண்டாள்.

"சீனி குறையுமே ஐயா," என்றான் சீவரத்தினம், திரும்பி வருகிறபோது. மாடும் அந்த மணத்தை விட்டு ஓடுவதுபோல வேகமாக நடந்தது.

"சீனியை ஆர் பாக்கப்போறான்? சீனியைப் பாத்தவர் கனடாவுக்குப் போட்டார். முன்வரிசையையும் மேல்வரிசையையும் விடு. நடுவிலை பெட்டியளை அடுக்கு."

இந்தப் பண்டமாற்றை எந்தக் கணக்கிலும் எழுத முடியவில்லை. சீனி கொடுத்துக் கருவாடு வாங்கினோம் என்று எழுதினால், முன்பிருந்த கருவாடு எங்கே என்று கேள்வி வரும். ஆகவே கணக்கின்படி சீனி அத்தனையும் கிட்டங்கியில் இருந்தது. உண்மையில் அதன் நடுவயிற்றில் வெறும் சவுக்காரப் பெட்டிகள் இருந்தன. கருவாட்டு அறையிலும் வித்தை வேறில்லை. சாக்குகளின் அடியில் பனஞ்சருகு, மேலே கருவாடு.

மணம் மட்டும் நான்கு தொன்னுக்கு இருந்தது. பாலேஸ்வரி லேஞ்சியை மூக்கில் கட்டிக்கொண்டு எழுதினாள். அயலிலிருந்த பூனைகள் எல்லாம் சங்கத்தின் கூரைக்குக் குடிவந்தன. தலைவர் தியாகராசா படியிலேயே நின்று, "இராசநாயகம், இது சங்கமோ சந்தையோ?" என்று சத்தம்போட்டார்.

"பொறுங்கோ. சரக்கு இருந்தால் மணக்கத்தான் செய்யும்," என்றார் இவர், பெருமையோடு. கருவாடு இருந்தது அவருக்கே புதுமையாக இருந்தது.

கனிசியஸ் திங்கட்கிழமை காலை சைக்கிளில் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெற்றோல் கிடைக்காத அந்தக் காலத்தில் வியர்வையில் நனைந்து வராத ஆளே இல்லை. இவர் மட்டும் சலவையிலிருந்து இறங்கியமாதிரி வந்தார். வெள்ளை நீளக்கைச் சட்டை, தீட்டின சப்பாத்து, கழுத்தில் ஓடிக்கொலோன் வாசனை. கதைக்கும்போது ஒவ்வொரு சொல்லையும் அளந்து வெளியில் விட்டார். படியேறும்போது மூக்கு ஒருமுறை சுருங்கியதை இராசநாயகத்தார் கண்டார். 'பிடிச்சிட்டான்' என்று நினைத்துக்கொண்டார்.

உபசாரத்தை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். கிளாசில் தேத்தண்ணி கொடுத்தால், குருநகர் ஆள் குடித்த கிளாசைப் பிறகு என்ன செய்வது என்ற கேள்வி வரும். இளநீரில் அந்தக் கேள்வி இல்லை. கோம்பையை வேலிக்கு அங்காலே எறிந்துவிடலாம், மரியாதையும் கெடாது. செவ்விளநீர் ஒன்றைச் சீவிக் கொண்டுவந்து நீட்டினான் சீவரத்தினம்.

கனிசியஸ் அதைப் பார்த்தார், வாங்கவில்லை.

"நமசிவாயம் ஐயா வந்தாலும் இளநியோ குடுக்கிறனீங்கள்?"

"அவர்… அவருக்குத் தேத்தண்ணி."

"அப்ப எனக்கும் தேத்தண்ணி காணும்."

தேத்தண்ணி வந்தது. ஆறுதலாகக் குடித்துவிட்டு, வெறுங்கிளாசை மேசையில் வைக்காமல் நேரே இராசநாயகத்தாரின் கையில் கொடுத்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், கணக்காய்வின் முதல் அரைவாசி நேரமும் அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

"சேர், முதல் கருவாட்டைப் பாப்பமோ?" என்றார் இராசநாயகத்தார்.

"ஒழுங்குப்படி பாப்பம். அரிசி எங்கை?"

அரிசி பார்த்தார். மா பார்த்தார். நமசிவாயம் எழுதிவைத்த பழைய குறிப்பு ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அவர் எத்தனை மூட்டை நிறுத்தாரென்று அதில் பார்ப்பார், தான் அதைவிட ஒரு மூட்டை கூடுதலாக நிறுப்பார். உடுவில் ஆள் எந்த மூட்டைக்குள் கைவிட்டாரோ அதற்குப் பக்கத்து மூட்டைக்குள்ளும் கைவிடுவது அவருடைய விரதமாக இருந்தது. இவனுக்கு வேறு நோய் என்று இராசநாயகத்தாருக்கு விளங்கியிருக்கவேண்டும். ஆனால் அவர் மனம் முழுக்கக் கருவாட்டில் கிடந்தது.

"சேர், வெய்யிலேற முந்திக் கருவாட்டைப் பாத்தால் நல்லது. பிறகு மணம் கூடிப்போம். உங்களுக்கு அது பழகின மணந்தானே, எண்டாலும்…"

கனிசியஸ் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் நிறுத்தியிருக்கலாம். இராசநாயகத்தார் நிறுத்தவில்லை. சீவரத்தினத்துக்குக் கண்ணைக் காட்ட, அவன் கடதாசியில் சுற்றின ஒரு பார்சலைக் கொண்டுவந்தான். எண்ணெய் கசிந்து கடதாசி மினுங்கியது.

"சேர், சீலாக் கருவாடு. முதல்தரம். வீட்டுக்குக் கொண்டுபோங்கோ. உங்கடை ஆக்களுக்குத்தானே இதின்ரை அருமை தெரியும்."

கனிசியஸ் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நமசிவாயம் ஐயாவுக்கு நீங்கள் என்ன குடுத்து விடுறனீங்கள்?" என்று கேட்டார் கனிசியஸ்.

"ஒண்டுமில்லை சேர்."

"ஏன்?"

"அவர் வாங்கமாட்டார்."

"நான் வாங்குவனெண்டு ஆர் சொன்னது? கேளுங்கோ ஐயா. திணைக்களத்திலை சேந்த நாள்தொட்டு, எங்கையாவது மீன், கருவாடு, வலை எண்டால், 'கனிசியஸை அனுப்பு' எண்டுதான் கதை. என்ரை அப்பர் என்னை ஒருநாளும் கடலிலை இறக்கேல்லை. எனக்கு நீந்தத் தெரியாது. சீலாவுக்கும் சூடைக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த மணத்துக்கு எனக்கு ஓங்காளிச்சுச் சத்தி வரும். காலமையிலை இருந்து அடக்கிக்கொண்டு நிக்கிறன்."

"சேர், அப்ப கருவாடு…"

"பாக்கமாட்டன். நமசிவாயம் ஐயா இவ்வளவு காலமும் என்னெண்டு எழுதினாரோ, நானும் அப்பிடியே எழுதுறன். உடுவில் ஆள் மூக்கைப் பொத்தினால் அது ஆசாரம், குருநகர் ஆள் பொத்தினால் புதினமோ?"

அந்த இடத்திலேயே, பெட்டி ஒன்றின் மேல் தாளை வைத்து, கருவாட்டுக்கு நேரே 'பார்வையிடப்பட்டது' என்று எழுதினார். நான்கு தொன்னுக்குச் சற்று மேல். தாளில் மட்டும் நீந்தித் திரிந்த அத்தனை கருவாடும் இன்னொரு வருடத்துக்குக் கரையேறியது.

இராசநாயகத்தாருக்குச் சிரிப்பு வந்தது. ஏழு வருடத்துப் பயம் அரை நிமிடத்தில் தீர்ந்தால் யாருக்கும் வரும். அந்தச் சிரிப்பு முகத்தில் ஏறி முடிவதற்குள் கனிசியஸ் தாளைப் புரட்டினார்.

"இனிச் சீனி."

முன்வரிசையை நிறுத்தார். சரியாக இருந்தது. மேல்வரிசை. சரியாக இருந்தது. நமசிவாயத்தின் குறிப்பில் அத்தோடு முடிந்திருந்தது. ஆகவே கனிசியஸ் மரவாங்கு ஒன்றை இழுத்துப்போட்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்து, அதில் ஏறி, மேலே கிடந்த மூட்டையொன்றை ஒரு பக்கம் தள்ளினார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு சவுக்காரப் பெட்டியை எடுத்துத் தட்டிப் பார்த்தார். மேளம்போலச் சத்தம் கேட்டது.

எல்லாரும் அலுவலக அறைக்கு வந்தார்கள். தலைவர் தியாகராசாவுக்கு ஆள் போய், அவரும் வந்து சேர்ந்தார். பாலேஸ்வரி மூக்கிலிருந்த லேஞ்சியை அவிழ்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்க அது வசதியாக இருந்தது.

கனிசியஸுக்குக் கோபம் தணிந்திருந்தது. சீனியில் பிடித்துவிட்ட திருப்தி. நமசிவாயம் எட்டிப் பார்க்காத இடத்தில் தான் எட்டிப் பார்த்த திருப்தி. திருப்தியான ஓடிற்றருக்கு இரக்கமும் வரும்.

"ஐயா, நீங்கள் பென்சன் எடுக்கப்போற ஆள். உங்களைப் பற்றிக் கேட்டனான், கை சுத்தமெண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். எலியோ, எறும்போ, தண்ணி பட்டதோ, சொல்லுங்கோ. ஷெல் விழுந்த நேரம் பழுதாப்போச்செண்டாலும் சரி. நட்டம் எண்டு ஒரு வரி எழுதிப்போட்டுப் போறன். இந்தக் காலத்திலை அதை ஆரும் தோண்டமாட்டினம்."

"எழுதச் சொல்லன் இராசநாயகம்," என்றார் தியாகராசா. "எத்தினை வீட்டுக் கூரை போச்சு. நாலு மூட்டைச் சீனி போகக்கூடாதோ?"

வழி திறந்து கிடந்தது. நட்டம் என்று அவர் ஒருமுறை சொன்னால் அறிக்கை முடியும். கொஞ்ச நாளில் அதை எல்லாரும் மறந்துவிடுவார்கள். அல்லது உள்ளதை உள்ளபடி சொல்லலாம்: சீனியைக் கொடுத்துக் கருவாடு வாங்கினேன், ஏனென்றால் கருவாடு இருக்கவில்லை, ஏனென்றால் மா புளித்தது, பருப்பில் அந்து விழுந்தது, சனம் பசியோடு வந்தது. இரண்டு வழியிலும் போய் முடிகிற இடம் அந்த ஒரு சொல்தான். அவர் வாயைத் திறந்தார். நாக்கு அந்தச் சொல்லின் வாசலுக்குப் போய், உள்ளே கால்வைக்க மறுத்துத் திரும்பியது.

"நான்தான் எடுத்தனான்," என்றார்.

"என்னத்தை?"

"சீனியை. நான் எடுத்தனான். களவு."

பாலேஸ்வரி லேஞ்சிக்குள் என்னவோ சொன்னாள். சீவரத்தினம், "ஐயா, உங்களுக்கென்ன விசரே!" என்று முன்னுக்கு வந்தான். அவர் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். முகம் தெளிந்திருந்தது. கணக்கில் சிக்கல் தீர்ந்தவனின் முகம்.

"சேர், ஒண்டு கேக்கவேணும். முகாமையாளர் எடுத்ததெண்டால் அது கையாடல்தானே?"

"ஓம்."

"கையாடின சாமானுக்கு நான் காசு கட்டவேணும்."

"ஓம். இண்டைய விலைக்கு."

"அப்ப அது என்னட்டையிருந்து சங்கத்துக்கு வரவேண்டிய காசு. வரவேண்டிய காசு சொத்துப் பக்கத்திலைதானே வரும்?"

கனிசியஸ் பேனையை மூடித் திறந்தார். அவர் நேர்மையான ஓடிற்றர். கேட்ட கேள்விக்குச் சரியான விடை தெரிந்தால் சொல்லாமலிருக்க அவரால் முடியாது.

"வரும்."

"அப்ப சங்கத்துக்கு நட்…" அவர் ஒருமுறை செருமினார். "அப்ப சங்கத்துக்கு அது இல்லை."

"இல்லை," என்றார் கனிசியஸ். "கணக்குப்படி இல்லை."

"காணும். அப்பிடியே எழுதுங்கோ."

தியாகராசா தலையில் கைவைத்தார். "எட, படத்தை இனி எப்பிடியடாப்பா மண்டபத்திலை கொழுவுறது? களவெடுத்தவன்ரை படத்தையோ?"

"படத்தை விடுங்கோ. பலகையை மட்டும் கொழுவுங்கோவன்."

கனிசியஸ் அன்று பின்னேரம் அறிக்கையை எழுதி முடித்தார். கணக்கில் குறைந்த விலைக்கு இருந்த சீனி அன்றைய சந்தை விலையில் இராசநாயகத்தாரின் பெயரில் ஏறியதால், அந்த வருடம் சீனியிலும் சங்கத்துக்கு இலாபம். அவருடைய பணிக்கொடை முழுவதும் அதற்குப் போனது. போதாததற்குக் கொக்குவிலிலிருந்த புகையிலைத் தோட்டத்தில் ஒரு பக்கம் ஈடு வைக்கப்பட்டது. பலகையைக் கொழுவுவதா இல்லையா என்று நிர்வாகசபை இரண்டு கூட்டம் விவாதித்தது. பலகையில் பொய் இல்லை என்றபடியால் எறியவும் முடியவில்லை, ஆளில்லாமல் மாட்டவும் முடியவில்லை. கடைசியில் யாரோ அதைக் கிட்டங்கியில் அரிசி மூட்டைகளுக்கு அடியில் ஈரம் படாமலிருக்கப் போட்டார்கள். சீவரத்தினம் அவருக்குப் பதில் முகாமையாளரானான். நான்கு தொன் கருவாட்டைப் பொறுப்பேற்றதாக எழுதிய தாளை இரண்டுதரம் வாசித்தான். பிறகு ஒப்பமிட்டான்.

அடுத்த நிவாரணத்தில் சீனி போதவில்லை. இருந்ததைக் குழந்தைகள் உள்ள வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்குச் சீனிக்குப் பதிலாகக் கருவாடு கொடுத்தார்கள். வரிசையில் நின்ற பூரணம் என்ற கிழவி அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு இதை நக்குறதோ, இதைக் கடிச்சுப்போட்டுத் தேத்தண்ணியைக் குடிக்கிறதோ? அதையும் சொல்லிப்போட்டுத் தாங்கோவன்!"

வரிசை சிரித்தது. பராசக்தி சிரிக்கவில்லை. அவளுக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் கொஞ்சம் விலகி நின்றார்கள். கள்ளன் பெண்சாதி என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னது அவளுக்குக் கேட்கட்டும் என்றே சொல்லப்பட்டது. பங்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கருவாட்டை அடுப்படியில் எறிந்துவிட்டு, கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து, தேத்தண்ணி போட்டாள். சீனி இல்லை, பனங்கட்டியும் முடிந்திருந்தது. வெறுந்தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் முடிஞ்சிருக்கும்," என்றாள். "ஒரேயொரு சொல்லு. ஊரிலை ஆருக்குத்தான் நட்டமில்லை?"

இராசநாயகத்தார் கிளாசைத் தூக்கி ஒரு மிடறு குடித்தார். கசப்பில் முகம் சுருங்கப் பார்த்தது, பிடித்துக்கொண்டார்.

"கைக்குதோ?" என்று கேட்டாள் பராசக்தி.

"இல்லை," என்றார் அவர். இன்னொரு மிடறு குடித்தார்.